குளவி கொட்டி வந்தவரிடம் என்ன கேட்க வேண்டும்?

வாசகர் ஒருவரின் கருத்து, 2025 மார்ச் 8

"திருநர் மரியாதை, திருநர் உரிமை என்பதெல்லாம் கொழும்பில் இங்கிலீஷ் பேசுகிறவர்களின் கவலை. மலையகத் தோட்டங்களில் அப்படி யாரும் இல்லை. இருந்தாலும் எங்கள் சனங்களுக்கு முதலில் வேண்டியது ஒழுங்கான டொக்டரும் மருந்தும். மரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

மார்ச் 8, இரவு 9.40

இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன், தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியிருக்கிறேன்.

பதினாறு வருஷமாக மலையகத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். வாட்டைக் கூட்டுவது, நோயாளிகளை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோவது, இரத்தக் குப்பிகளை ஆய்வுகூடத்தில் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. நியமனக் கடிதத்தில் இல்லாத ஒரு வேலையும் உண்டு. மொழிபெயர்ப்பு. எங்கள் இடத்தில் டொக்டர்மார் பெரும்பாலும் சிங்களம். வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழ். நடுவில் நான்.

போன வருஷம் மாசி மாசம், பக்கத்துத் தோட்டம் ஒன்றில் குளவி கலைந்து ஏழு பேரைக் கொட்டிவிட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஏழு பேரும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. எல்லோருக்கும் ஊசி போட்டார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம் ஆறு பேரைப் பெண்கள் வாட்டுக்கு அனுப்பினார்கள். ஏழாவது ஆளை வாங்கில் உட்கார வைத்தார்கள். கொண்டை போட்ட, மூக்குத்தி குத்திய ஒரு திருநங்கைப் பிள்ளை. அடையாள அட்டையில் ஆண் பெயர். கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தது. எந்த வாட்டில் போடுவது என்று பேசிப் பேசியே இரண்டு மணித்தியாலம் போய்விட்டது.

டொக்டர் தம்பி ஒருவர் வந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. "எயாட்ட ஹுஸ்ம கன்ன அமாருத?" என்று கேட்டார். நான் கூட வந்த கங்காணியைப் பார்த்து, "இவனுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமா?" என்று கேட்டேன்.

அந்த வாங்கில் இருந்தவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அக்கா, நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றார். அப்புறம் டொக்டரிடம் சிங்களத்தில் பேசினார். என் சிங்களத்தை விட நல்ல சிங்களம்.

மார்ச் 9, காலை

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் இல்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் அவர் கதையை எழுதிவிட்டேன். தப்பு. இன்று லீவு, நேரில் போய்க் கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால் மேலே உள்ளதை அழித்துவிடுவேன்.

மார்ச் 9, இரவு

போனேன். லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போனை வாங்கி முழுவதும் வாசித்தார். அழிக்க வேண்டாம் என்றார். பெயர் கூடாது, தோட்டத்தின் பெயர் கூடாது, என்ன எழுதினாலும் அவர் வாசிப்பார், பிழை இருந்தால் நான் திருத்த வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

முதல் திருத்தம் அங்கேயே வந்துவிட்டது. "அக்கா, எனக்கு 34 வயசு. பிள்ளை என்று எழுதியிருக்கிறீங்களே?"

உண்மைதான். அதே வயசில் ஒரு டீச்சர் வந்திருந்தால் 'டீச்சர் பிள்ளை' என்று எழுதியிருப்பேனா? தோட்டத்து ஆள் என்றால் எத்தனை வயசானாலும் நமக்குப் பிள்ளைதான், பையன்தான், பொடியன்தான். அந்தச் சொல்லை அங்கே அப்படியே விடுகிறேன், தெரியட்டும்.

மார்ச் 10

ஒரே வரியில் கடக்க முடியாத ஒரு விஷயம், அந்த 'இவன்'.

டொக்டர் சொன்னது 'எயா'. சிங்களம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எயா என்றால் ஆணும்தான் பெண்ணும்தான். அவர் ஒருவரையும் ஆணாக்கவில்லை. நடுவில் நின்ற நான்தான் ஆக்கினேன். அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து நானாகத் தீர்ப்பு எழுதினேன். இன்னும் ஒன்று. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆளிடம் கேட்காமல் கங்காணியிடம் கேட்டேன். ஏன்? தோட்டத்து ஆளுக்காகப் பேச எப்போதும் வேறு யாரோ ஒருவர் கூட வருவார் என்று என் தலையில் இருக்கிறது. ஸ்டாப் குவார்ட்டர்ஸில் இருந்து வருகிறவரிடம் நான் அப்படிச் செய்ததில்லை. சிங்களம் தெரியாது என்று முடிவு கட்டியதும் அப்படித்தான். அவர் கொழும்பில் எட்டு வருஷம் வேலை செய்தவர், உடுப்புத் தைக்கிற இடத்தில் லைன் முழுவதையும் பார்த்துக்கொண்டவர்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்.

மார்ச் 11

பண்டாரவளையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "டொக்டர் நோயாளியிடம் எதையும் கேட்கலாம்தானே? அதில் என்ன அவமரியாதை?"

அன்று வாங்கில் நடந்ததை எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள். ஒரு தாதி, நாங்கள் மிஸ் என்போம், வந்தார். ஓபிடி வரிசையில் ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ரஸ்ஸாவ மொகத?" என்று கேட்டார். என்ன தொழில் என்று.

"கொழுந்து."

"அது பகலில். இரவில்?"

யாரோ சிரித்தார்கள். இவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எச்ஐவி இரத்தப் பரிசோதனை செய்ததுண்டா, எத்தனை பேருடன் பழக்கம், ஆபரேஷன் செய்தாயிற்றா என்று வரிசையாகக் கேள்வி. குளவி கொட்டி வந்த மற்ற ஆறு பேரிடம் இதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டது: எத்தனை இடத்தில் கொட்டியது, எத்தனை மணிக்குக் கொட்டியது, முன்னமே ஒருமுறை கொட்டி இப்படி வீங்கியதா, ஆஸ்துமா உண்டா, வேறு மருந்து எடுக்கிறீர்களா. உயிரைக் காப்பாற்றுகிற கேள்விகள் இவைதான். முன்னர் ஒருமுறை கொட்டிய உடம்புக்கு அடுத்த தடவை ஆபத்துக் கூட என்று எங்களுக்கே சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வி இவருக்குக் கடைசியில்தான் வந்தது. ஆமாம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை கொட்டியிருக்கிறது.

எச்ஐவி பரிசோதனை கெட்டது என்று நான் சொல்லவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் இலவசம், இரகசியமும் காப்பார்கள், யாரும் போகலாம். வருத்தம், ஆளைப் பார்த்தவுடன் 'இப்படி ஒரு ஆளுக்கு இந்தத் தொழில்தான் இருக்கும்' என்று நினைத்ததில்தான். பணக்கார வீட்டில் இருந்து காரில் வந்து இறங்கிய திருநங்கையிடம் 'இரவில் என்ன வேலை' என்று அந்த மிஸ் கேட்டிருக்க மாட்டார். அந்தக் கேள்வி பாதி பாலினத்தைப் பார்த்து வந்தது, பாதி படங்கைப் பார்த்து வந்தது.

மருந்து எடுக்கிறீர்களா என்பதும் தேவையான கேள்விதான். ஹோமோன் மாத்திரை எடுக்கிறவர் என்றால் டொக்டருக்குத் தெரிய வேண்டும். ஆனால் தனியாக வைத்து, காரணத்தைச் சொல்லி, இரண்டே வரியில் கேட்கலாம்.

மார்ச் 11, பின்னேரம்

எங்கே படுக்க வைத்தார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆண்கள் வாட்டில். இரவு முழுவதும் கட்டிலில் படுக்கவில்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டிய ஆள்.

மார்ச் 13

முதல் கருத்தை எழுதியவர் மறுபடி வந்திருக்கிறார். "இதைத்தான் நானும் சொல்கிறேன். ஊசி போட்டார்கள் அல்லவா, உயிர் தப்பியது அல்லவா. மரியாதை இரண்டாவது."

அண்ணா, மேலே உள்ளதை ஒருக்கா மறுபடி வாசியுங்கள். மரியாதை இல்லாததால் அவர் சிகிச்சை முடியாமல் எழுந்து போனார். அடுத்த தடவை குளவி கொட்டினால் லொறியில் ஏற மாட்டேன் என்று என்னிடம் சொன்னார். இரண்டு தடவை கொட்டிய உடம்பு அது. இதில் எது முதல், எது இரண்டாவது?

தோட்டத்துக்கு டொக்டர் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். இன்றைக்கும் எத்தனையோ தோட்டங்களில் டிஸ்பென்சரி மட்டும்தான், அங்கே இருப்பவர் டொக்டர் அல்ல, தோட்ட வைத்திய உதவியாளர். ஆத்திர அவசரத்துக்கு லொறி. இது மாற வேண்டும். ஆனால் அது மாறும் வரை இவர் வாங்கில் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 15

இரண்டு நாளாக ஓபிடியில் ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தேன். யாருக்கு 'வாங்க', யாருக்கு 'வா'.

கிராம சேவகர் வந்தார். "சேர் வாங்க, உட்காருங்க." வங்கியில் வேலை செய்கிற பெண் வந்தார். "மிஸ் கொஞ்சம் இருங்க." எழுபது வயசு தாத்தா ஒருவர், வெறுங்காலில், கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். "ஏய் தாத்தா, இங்க வா, நம்பர் என்ன?" சொன்னது சிங்களவர் இல்லை. எங்களில் ஒருவர், லயத்தில் இருந்து வந்தவர். எங்கள் அப்பாமாரைத் துரைமார் 'வாடா போடா' என்று கூப்பிட்டபோது எரிந்த வயிறு எங்களுக்கு. அரசாங்க வேலை கிடைத்து இரண்டாம் வருஷமே அது ஆறிப்போய்விட்டது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. 'வாங்க, சொல்லுங்க, அவங்களுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாம்' என்று பேசும்போது எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டிய தேவையே வரவில்லை. தமிழில் மரியாதைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. 'வந்தாங்க' போதும். மரியாதையைக் கழற்றினால்தான் 'வந்தானா, வந்தாளா' என்று ஆராய வேண்டியிருக்கிறது. அதையும் கழற்றினால் 'அது', 'இது' ஆகிவிடுகிறது. அன்று அந்த வராந்தாவில் மூன்றையும் கேட்டேன். அவங்க என்பதை மட்டும் கேட்கவில்லை.

அப்படியென்றால் திருநர்களுடன் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, புதுச் சொல் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வது உண்மை இல்லை. கிராம சேவகரோடு பேசுகிற தமிழை எடுத்து அவரோடும் பேசினால் முக்கால்வாசிப் பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். நம்மிடம் சொல் இருக்கிறது. ஏழைக்குக் கொடுக்க மனசு இல்லை.

மார்ச் 16

வடக்கில் இருந்து ஒரு தாதி எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணப் பக்கம் 'அவர்' என்றால் ஆண், பெண்ணுக்கு 'அவ' என்பார்கள், இரண்டுமே மரியாதைதான். ஆகவே தமிழில் மரியாதைக்குப் பால் கிடையாது என்று நான் எழுதியது எல்லா ஊருக்கும் பொருந்தாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் எழுதியது மலையகத்தில் நாங்கள் பேசுகிற 'அவங்க'ளைப் பற்றி. ஆனால் நேருக்கு நேர் பேசும்போது 'நீங்க' எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் நேருக்கு நேர்தானே பேச வேண்டும்.

மார்ச் 17

கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து முடிந்தது. இந்த முறை காமனின் மனைவி ரதியாக வேஷம் கட்டியவர் ஒரு மேசன் வேலைக்காரர். சேலை, சடை, பூ, நகை. வீட்டுக்கு வீடு வரும்போது பெரியவர்களே கும்பிட்டார்கள். காமனை எரித்த பிறகு ரதி புலம்பியபோது அம்மாமார் எல்லோரும் கூடவே அழுதார்கள். பெண்ணாக வந்த ஆளைக் கும்பிடத் தெரிந்த சனம்தானே நாங்கள், அந்த மனசு ஆஸ்பத்திரி வாசலில் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 18

அவர் வாசித்துவிட்டார். குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், அனுமதியோடு எழுதுகிறேன்.

"அக்கா, ரதி கதை நல்லா இருக்கு. ஆனா ரதி கட்டினவர் வீட்டுக்குப் போய்ச் சேலையைக் கழற்றி வைத்துவிடுவார். நான் கழற்றி வைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கும்பிடெல்லாம் வேண்டாம். பன்னிரண்டு வயசில் என்னையும் ரதி கட்டச் சொன்னாங்க, நான் மாட்டேன் என்றேன். வேஷம் என்று நினைச்சிடுவாங்க என்று பயம்."

நேற்று எழுதியதில் இதை நான் யோசிக்கவே இல்லை. கூத்தையும் அவர் வாழ்க்கையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். இன்னொன்றும் சொன்னார். குளவிக்கு மட்டும் குழப்பமே இல்லையாம், பொம்பளைகளோடு சேர்த்து அவரையும் ஒழுங்காகக் கொட்டிவிட்டதாம். சொல்லிவிட்டு நல்லாச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 22

"இதெல்லாம் சட்டப்படி குற்றம்தானே?" என்று ஒருவர்.

திருநராக இருப்பது குற்றம் இல்லை. 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது, அதன்படி மனநல வைத்திய நிபுணர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் தரலாம், அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையில் உள்ள 365, 365அ பிரிவுகள் ஒருபாலுறவு போன்ற செயல்களைப் பற்றியவை, ஆள் யார் என்பதைப் பற்றியவை அல்ல. அவற்றைத் திருத்த ஒரு தனிநபர் மசோதா வந்தது, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாசம் சொல்லிவிட்டது. பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

இன்னொரு சட்டம் இருக்கிறது. தெருவில் நிற்கிற திருநங்கையைப் பொலிஸ் பிடிக்க வசதியாக இருப்பது, அலைந்து திரிவோரைப் பற்றிய கட்டளைச் சட்டம். 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கம். அதே 1841இன் 5ஆம் இலக்கம் எது தெரியுமா? வேலை ஒப்பந்தச் சட்டம். எங்கள் பாட்டன் பூட்டனைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட சட்டம், ஒப்பந்தத்தை விட்டுப் போனால் மறியல். ஒரே வருஷத்தில், அடுத்தடுத்த இலக்கத்தில். ஒன்று வேலையை விட்டுப் போகாதே என்றது, மற்றது வேலை இல்லாமல் தெருவில் நிற்காதே என்றது. ஐந்தாம் இலக்கம் போய்விட்டது. நாலாம் இலக்கம் இன்னும் இருக்கிறது.

மார்ச் 23

திருத்தம். சுற்றறிக்கை 2018 அல்ல, 2016. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

சான்றிதழ் என்று எழுதிவிட்டு, 'துண்டு' என்ற சொல்லை இரவு முழுக்க யோசித்தேன். ஆஸ்பத்திரியில் நாங்கள் தினமும் சொல்வது: மருந்துத் துண்டு, எக்ஸ்ரே துண்டு, துண்டு வெட்டுதல். அந்தக் காலத்தில் தோட்டத்தில் துண்டு என்றால் வேறு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, இவ்வளவு கடன் கட்டினால் இந்த ஆளை விடலாம் என்று எழுதிய துண்டு கையில் இருக்க வேண்டும். 1921இல்தான் ஒழிந்தது. அப்புறம் 1948இல் குடியுரிமை போனது, மிச்சம் இருந்தவர்களுக்கும் சேர்த்து அது கிடைக்க 2003 ஆனது. நீ யார் என்று வேறு யாராவது எழுதித் தந்தால்தான் நம்புவேன் என்பது எங்களுக்குப் பழகிய கதை. இப்போது அவருக்கு இன்னும் ஒரு துண்டு தேவைப்படுகிறது.

அதிலும் சிக்கல். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களில் பெயர் ஒழுங்காக இருந்தால் அதிசயம். அவருடையதில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. பாலினத்தைத் திருத்துவதற்கு முன்னால் அப்பாவைத் திருத்த வேண்டும்.

மார்ச் 25

அடையாள அட்டையைப் பற்றி ஒரு தகவல், பலருக்குத் தெரியாது. நம் இலக்கத்திலேயே ஆணா பெண்ணா என்று எழுதியிருக்கிறது. பிறந்த நாள் வருஷத்தில் எத்தனையாவது நாளோ அது மூன்று இலக்கமாக வரும், பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரி 10 பிறந்த ஆணுக்கு 041, பெண்ணுக்கு 541. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் அப்படித்தான், இப்போதைய பன்னிரண்டு இலக்கத்திலும் அப்படித்தான். எனவே அட்டையில் பெயரை மறைத்தாலும் இலக்கம் காட்டிக் கொடுக்கும். 'நீ 041 ஆச்சே' என்று ஒரு கடைசித் தட்டு லிகிதர் வரை எல்லோரும் கேட்கலாம்.

தோட்டத்துச் செக்ரோலிலும், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவிலும், அவர் ஆண். ஆண் என்று பதிந்ததால் முதலில் கவ்வாத்துக்குத்தான் போட்டார்கள். கொழுந்துக்கு மாறக் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வருஷம் நடந்தாராம். கடைசியில் கைகொடுத்தது கூட எடுக்கிற பெண்கள். "எங்கள் மலைக்கு அனுப்புங்க, கை நல்ல வேகம்" என்று அவர்கள்தான் கேட்டிருக்கிறார்கள். வாட்டுக்குப் போன அந்த ஆறு பேரில் மூன்று பேர், அன்று இரவு 'எங்கள் பக்கத்தில் ஒரு கட்டிலில் போடுங்க' என்று மிஸ்ஸிடம் கேட்டார்கள் என்பதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். யாரும் காது கொடுக்கவில்லை. தோட்டத்துச் சனத்துக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்கிற ஆட்கள் இதைக் கவனிக்கட்டும்.

ஏப்ரல் 2

இரண்டு வாரமாகப் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் எழுத மாட்டேன்.

மனநோய்தானே என்றவருக்கு மட்டும்: உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தும் தன் பதினோராவது பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியில் இருந்து எடுத்துவிட்டது. 2019இல் ஏற்றுக்கொண்டார்கள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இங்கே சான்றிதழுக்கு மனநல நிபுணரிடம் போக வேண்டியிருப்பதால், அந்தக் கதவில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஊர் 'பைத்தியத்துக்கு மருந்து எடுக்குது' என்கிறது.

கொழும்பைப் பற்றி: அங்கே அவருக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள், ஹோமோன் பற்றி முதலில் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்கள்தான். அதே கூட்டத்தில் ஒரு சிலர் அவரை 'எஸ்டேட்' என்றே கூப்பிட்டார்களாம். கூட்டங்கள் இங்கிலீஷில் நடக்கும், இவர் பின்னால் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவார். ஊரில் திருநங்கை என்று தள்ளினார்கள், அங்கே தோட்டத்தாள் என்று தள்ளினார்கள். முதல் கருத்தை எழுதிய அண்ணா சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது: இதைப் பற்றிய பேச்சு இங்கிலீஷில்தான் நடக்கிறது. ஆள் இல்லாததால் அல்ல. எங்களை யாரும் பேசக் கூப்பிடாததால்.

ஏப்ரல் 24

இன்று அவரோடு கிளினிக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். முதல் பஸ்ஸுக்கு விடியுமுன்னே இறங்கி நடந்தோம், பனி.

நான் லீவு போட்டேன், என் சம்பளத்தில் ஒரு சதம் வெட்ட மாட்டார்கள். அவருக்கு அன்றைய பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. 1350 ரூபாய் போச்சு. அப்புறம் பஸ் காசு, சாப்பாடு. 'மாசத்தில் ஒரு நாள்தானே' என்று நானே எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன்!

அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு திகதி தவறியிருக்கிறது. பக்கத்தில் சிங்களத்தில், ஒழுங்காக வருவதில்லை, அக்கறை இல்லை என்று எழுதியிருக்கிறது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. முதல் தடவை மண்சரிவு, பாதை மூடியிருந்தது. இரண்டாம் தடவை அம்மாவின் கருமாதி. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அடுத்த டொக்டரும் கடுமையாகப் பேசுவார், அதற்கு அடுத்தவரும். அக்கறை இல்லாத ஆள் விடியுமுன்னே அந்த இருட்டில் இறங்கி நடப்பாரா?

இன்று இருந்த டொக்டர் அம்மா வேறு மாதிரி. கொப்பியை மூடி வைத்துவிட்டு முதலில் கேட்டது, "ஒயாட்ட மொன நமென்த கதா கரன்ன ஓன?" என்ன பெயரால் கூப்பிட வேண்டும் என்று. இவர் சொன்னார். டொக்டர் அந்தப் பெயரைக் கொப்பியின் மேலட்டையில் பென்சிலால் எழுதினார். அப்புறம் அந்தப் பெயரால் கூப்பிட்டே பேசினார். மொத்தம் பதினைந்து நிமிஷம் இருக்கும். தவறிய திகதிகளைப் பற்றிக் கேட்டார், மண்சரிவைச் சொன்னோம், அடுத்த தடவை பாதை மூடினால் போன் பண்ணச் சொல்லி ஒரு இலக்கம் தந்தார்.

மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. கதவுக்கு வெளியே இருங்கள் என்று இவரே சொல்லிவிட்டார். சந்தோஷமாக வெளியே இருந்தேன். கதவு முழுதாக மூடவில்லை, பெயர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. மீதி அவர் வந்து சொன்னது.

ஏப்ரல் 25

எழுத மறந்தது. அங்கே பெயர் கூப்பிடவில்லை, இலக்கம் கூப்பிட்டார்கள். "முப்பத்தொன்று." அவ்வளவுதான். அட்டையில் உள்ள ஆண் பெயரைக் கூப்பிட, சேலை கட்டிய ஒருவர் எழுந்து போக, வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் போனது. இதற்குக் காசும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம்.

மே 6

எங்கள் பொறுப்பு மிஸ்ஸிடம் பேசினேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை ஒரு யோசனையோடு அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். கை நடுங்கியது. இரண்டு விஷயம் கேட்டேன். கிளினிக் நாளில் பெயருக்குப் பதிலாக இலக்கம் கூப்பிடலாமா. வாட்டுக்கு அனுப்புகிற இடத்தில், சந்தேகம் வந்தால், ஆளிடமே எங்கே வசதி என்று கேட்கலாமா.

முதலாவதுக்குச் சரி என்றார், புதன்கிழமை கிளினிக்கில் செய்து பார்ப்போம் என்று. இரண்டாவதுக்கு, 'மேலே கேட்க வேண்டும்' என்றார். அதுவரைக்கும் வராந்தாவில் யாரையாவது உட்கார வைத்தால் தன்னைக் கூப்பிடச் சொன்னார், இரவானாலும் பரவாயில்லையாம். 'இரவில் என்ன வேலை' என்று கேட்ட மிஸ்ஸும் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "அந்தக் குளவி கொட்டின ஆள் இப்ப எப்படி?" என்று கேட்டார். அந்த ஆள் என்றுதான் கேட்டார். அவங்க என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டார்.

மே 8

நேற்றுப் புதன்கிழமை. இலக்கம் கூப்பிட்டோம். வயசானவர்களுக்குத் தங்கள் இலக்கம் நினைவில் இல்லை, இரண்டு மூன்று பேர் குழம்பினார்கள், நான் வரிசையில் நடந்து கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். அடுத்த வாரம் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கையில் கொடுக்கப் போகிறோம். அந்தப் பழைய தாத்தாவும் வந்திருந்தார், வெறுங்கால் தாத்தா. "தாத்தா, உங்க நம்பர் பதினெட்டு, இன்னும் மூன்று பேர்தான், இருங்க" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வாங்கில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இடம் விட்டார்.

குளவி கொட்டினவரிடம் இதைச் சொன்னேன். குளவிக் காலம் இன்னும் முடியவில்லை அக்கா என்றார். கொட்டினால் லொறியில் ஏறுவீங்களா என்று கேட்டேன்.

"நீங்க டியூட்டியில் இருக்கிற நாளா என்று முதலில் போன் பண்ணிக் கேட்பேன்" என்றார்.